அவன் நினைவும் அடியார் கடமையும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வைகாசித் திங்கள் ப்ரஹ்மோத்ஸவத்தின் மூன்றாம் திருநாள். பொழுது இன்னும் புலரவில்லை. கச்சித் திருநகரில் பெருமாள் கோயிலின் கோபுர வாசலில் ஊரும் நாடும் திரண்டு நிற்கின்றன. பெரிய திருவடியின் தோள்மேல் தேவப்பெருமாள் எழுந்தருளுகிறான். வாத்திய கோஷமும் வேத கோஷமும் அருளிச்செயல் கோஷ்டியின் ஒலியும் ஒன்றாய்க் கலந்து எழுகின்றன. அந்தத் தருணத்தில், வாசலைக் கடக்கும்போது, திருக்குடைகள் தாழ்ந்து ஒரு நொடிப் பொழுது அவனை மறைத்து விடுகின்றன. முதன்முறையாக ஸேவிக்க வந்த சேவார்த்தி திகைக்கிறார். இத்தனை ஆயிரம் பேர் இரவெல்லாம் கண் விழித்துக் காத்திருக்க, காண வேண்டிய நேரத்தில் மறைப்பது ஏன் என்று அருகில் நிற்கும் பெரியவரைக் கேட்கிறார். பெரியவர் கண்களில் நீர் மல்க, "இது தொட்டாசார்யருக்கான ஸேவை" என்கிறார்.

தொட்டாசார்யர் சோழசிங்கபுரத்தில் வாழ்ந்த மஹான். ஆண்டுதோறும் வைகாசி கருட ஸேவைக்குக் காஞ்சிக்கு வந்து பேரருளாளனைக் கண்ணாரக் கண்டு திரும்புவது அவருடைய நியமம். ஓர் ஆண்டு அவரால் வர இயலாமற்போயிற்று. கருட ஸேவை நாளன்று அங்கே தக்கான் குளக்கரையில் நின்றபடியே, காஞ்சியில் இப்போது கோபுர வாசலில் எழுந்தருளுவானே, இப்போது குடை அசையுமே என்று நெஞ்சால் நினைந்து உருகினார். அந்த உருக்கமே ஸ்ரீதேவராஜ பஞ்சகம் என்னும் ஸ்தோத்ரமாக வெளிப்பட்டது. காஞ்சியில் குடைக்குள் ஒரு நொடி மறைந்த எம்பெருமான், சோழசிங்கபுரத்துக் குளக்கரையில் கருடாரூடனாய் அவருக்கு ஸேவை ஸாதித்தான் என்பது பெரியோர் வாக்கு. அதன் நினைவாகவே இன்றும் ஆண்டுதோறும் அந்த வாசலில் அந்தக் குடை தாழ்கிறது.

அன்பர்கள் இதை ஊன்றி நோக்க வேண்டும். வந்திருக்கும் ஆயிரமாயிரம் பேருக்கு நடுவே, வர இயலாத ஒருவருக்காக எம்பெருமான் ஒரு நொடியை ஒதுக்கி வைத்தான். அவ்வடியார் திருநாட்டுக்கு எழுந்தருளி நூற்றாண்டுகள் சென்ற பின்னும் அந்த நொடி அவருடையதாகவே இருக்கிறது. ஆகவே உத்ஸவம் என்பது இருப்போரின் மகிழ்ச்சி மட்டுமன்று. இல்லாதவரை நினைப்பதும் உத்ஸவத்தின் ஓர் அங்கமே. இந்த உண்மையை மனத்திற்கொண்டு, அண்மையில் இத்திருவீதிகளை விட்டுத் திருவடி சேர்ந்த அடியார்களை இத்திருநாளில் நினைப்பது தகும்.

வீதியில் இல்லாத முகங்கள்

2020, 2021 ஆகிய இரண்டு வைகாசிகளிலும் கருட வாஹனம் வீதிக்கு எழுந்தருளவில்லை. கொரோனா என்னும் பெருந்தொற்றின் காரணமாகக் கோயிற்கதவுகள் சேவார்த்திகளுக்கு அடைபட்டிருந்தன. உள்ளே நித்திய ஆராதனம் நடந்தது. வெளியே வீதிகள் வெறிச்சோடிக் கிடந்தன. 2022 வைகாசியில் பெருமாள் மீண்டும் வீதிக்கு எழுந்தருளியபோது மக்கள் கண்ணீரோடு கைகூப்பினர். அக்கண்ணீரில் ஆனந்தம் ஒரு பங்கு. துயரம் ஒரு பங்கு. பலருடைய கண்கள் பெருமாளை ஸேவித்த பின், கூட்டத்தில் வேறு சில முகங்களைத் தேடின. அம்முகங்கள் அங்கு இல்லை.

ஸ்ரீபாதம்தாங்கிகளில் மூத்தவர் ஒருவர் இருந்தார். வாஹனத் தண்டின் முன்புறத்தில் வலத்தோள் கொடுப்பது அவர் இடம். இளமை முதல் சுமந்த தோளில் உள்ளங்கையளவு காய்ப்பு ஏறியிருந்தது. வைத்தியர் அதை ஏதேனும் நோயோ என்று ஐயுற்றுக் கேட்டபோது, "இது நோயன்று, அவன் அமர்ந்த இடம்" என்று சொல்லிச் சிரித்தவர். தண்டு ஒரு பக்கம் தாழ்ந்தால் குரல் கொடுக்க மாட்டார். ஒரு சிறு கனைப்புத்தான். அதைக் கேட்டதும் பின்னால் உள்ள அத்தனை தோள்களும் சரியாகும். இப்போது அந்த இடத்தில் வேறொரு தோள் இருக்கிறது. கனைப்பு மட்டும் இல்லை.

மாடவீதியின் கோடியில் ஓர் அம்மையார் இருந்தார். இளமையிலேயே கணவரை இழந்தவர். விடியுமுன் நீராடித் துளசி பறித்துத் தொடுத்து அனுப்புவது ஒன்றே அவருடைய வாழ்க்கை. அவர் தொடுத்த மாலை பெருமாள் திருமார்பில் விளங்குவதைக் கூட்டத்தில் முண்டி நின்று அவர் பார்த்தது அரிது. "பார்க்க வேண்டியவன் பார்த்துக்கொள்வான்" என்பார். கதவு அடைபட்டிருந்த நாட்களிலும் அவர் தொடுப்பதை நிறுத்தவில்லை. கொடுத்தனுப்ப வழியில்லாத மாலையைத் தம் வீட்டுச் சிறு படத்துக்குச் சாற்றினார். இறுதி நாளில் அவர் வீட்டு முற்றத்தில் பாதி தொடுத்த மாலை ஒன்று கிடந்ததாக அண்டை வீட்டார் சொல்கின்றனர்.

மடைப்பள்ளியில் தளிகைக்கு உதவிய ஒருவர் இருந்தார். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகும் கோயில் இட்லியின் பதத்தை மணத்தாலேயே அறிபவர். தாம் சமைத்ததைப் பெருமாள் அமுது செய்யுமுன் ருசி பார்க்கலாகாது என்பதால், வாழ்நாள் முழுவதும் மணத்தையே அளவுகோலாகக் கொண்டவர். தொற்று வந்தபோது அவர் முதலில் இழந்தது அந்த மோப்ப உணர்வையே. அதைச் சொல்லித்தான் அவர் அழுதாராம், உயிருக்காக அழவில்லை.

நெசவாளர் ஒருவர் இருந்தார். கருட ஸேவை நாளில் தறியை நிறுத்திவிட்டுத் தம் வீட்டுத் திண்ணையில் பானகமும் நீர்மோரும் வைத்து வருவோர்க்கெல்லாம் வழங்குவார். அந்தத் தெருவுக்குப் பெருமாள் எழுந்தருளுவதில்லை. பெருமாளைக் காண ஓடுவோர் அந்த வழியாகத்தான் ஓடுவர். "அவனைப் பார்க்கப் போகிறவர்களை நான் பார்க்கிறேன், போதாதா?" என்பது அவர் வாக்கு. அருளிச்செயல் கோஷ்டியில் கடைசி வரிசையில் நின்று, முன்வரிசையில் ஒரு சொல் தடுமாறினால் மெல்ல எடுத்துக்கொடுத்த முதியவரும் இன்று இல்லை.

இவர்களுடைய பெயர்கள் இங்கே எழுதப்படவில்லை. பத்துப் பெயரை எழுதினால் பதினோராவது பெயர் விடுபட்ட வீட்டில் ஒரு புண் உண்டாகும் என்பதே அதற்குக் காரணம். ஒவ்வொரு தெருவும் தன் தெருவினரை அறியும். இதைப் படிக்கும் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இந்நேரம் ஒரு பெயர் எழுந்திருக்கும். அப்பெயரை இவ்விடத்தில் எழுதிக்கொள்வது அவரவர் கடன்.

வீடுகளில் எழும் கேள்வி

உறவினரை இழந்த துயரத்துக்கு மேலாக அந்நாட்களில் மற்றொரு துயரமும் வீடுகளில் குடிபுகுந்தது. கைங்கர்யபரர் ஒருவர் திருவடி சேர்ந்தால், பெருமாள் கோயிலிலிருந்து தீர்த்தமும் மாலையும் பரிவட்டமும் வருவது வழக்கம். உயிர் பிரியும் தறுவாயில் நாவில் பெருமாள் தீர்த்தமும், செவியில் திருநாமமும் சேர்ப்பது வழக்கம். கோஷ்டியார் முன்னே சேவித்துச் செல்ல, உற்றார் பின்தொடர்வது வழக்கம். பெருந்தொற்றுக் காலத்தில் இவற்றில் ஒன்றும் பலருக்கு வாய்க்கவில்லை. மருத்துவமனைக் கட்டிலில், முகத்தில் குழாய் பொருத்தப்பட்டு, பேச நா எழாமல், நினைவு தப்பி, பிள்ளைகள் அருகில் இல்லாமல் அவர்கள் சென்றனர். கட்டி மூடப்பட்ட திருமேனியை முகம் அறியாத சிலர் எடுத்துச் சென்றனர். மகன் தொலைவில் நின்று பார்த்தான். சிலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

"வாழ்நாளெல்லாம் திருநாமம் சொன்னவர், கடைசியில் ஒரு தரம் சொல்லாமல் போய்விட்டாரே, அவருக்கு நற்கதி உண்டா?" என்பதே அவ்வீடுகளில் இன்றளவும் எழும் கேள்வி. சிலர் இதை வாய்விட்டுக் கேட்கின்றனர். பலர் கேட்க அஞ்சி, நள்ளிரவில் விழித்தபடி தமக்குள் கேட்டுக்கொள்கின்றனர். இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் அத்திருவடி சேர்ந்தோரின் பெருமையைப் பேசுவது பயனற்றது. விடையோ காஞ்சியிலேயே, பேரருளாளன் திருவாயாலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

தேவப்பெருமாள் அருளிய விடை

பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள் தேவப்பெருமாளுக்குத் திருவாலவட்டக் கைங்கர்யம் செய்தவர். அவன் அவரோடு நேரே பேசுவான் என்பது ஸம்ப்ரதாய ப்ரஸித்தம். ஸ்வாமி ராமாநுஜர் இளையாழ்வாராகக் காஞ்சியில் எழுந்தருளியிருந்து, சாலைக் கிணற்றிலிருந்து தீர்த்தம் கொணரும் கைங்கர்யம் செய்துவந்த காலம். அவர் திருவுள்ளத்தில் சில ஐயங்கள் இருந்தன. அவற்றைத் தேவப்பெருமாளிடம் விண்ணப்பித்து விடை பெற்றுத் தரும்படி திருக்கச்சி நம்பிகளை வேண்டினார். எம்பெருமான் ஆறு வார்த்தைகள் அருளிச்செய்தான். தானே பரதத்துவம் என்பது முதல், பெரிய நம்பியை ஆசார்யராகப் பற்றுக என்பது ஈறாக அமைந்த அந்த ஆறனுள் ஒன்று, சரணம் புகுந்தவனுக்கு அந்திம ஸ்ம்ருதி வேண்டா என்பது. அதாவது, உயிர் பிரியும் காலத்தில் எம்பெருமானை நினைத்தே தீரவேண்டும் என்னும் நிர்ப்பந்தம் அவனுக்கு இல்லை.

இதன் காரணத்தை வராஹ சரம ச்லோகம் விளக்குகிறது. பூமிப் பிராட்டி தன் குழந்தைகளான உயிர்களின் பொருட்டு வருந்திக் கேட்டபோது, வராஹப் பெருமான் அவளுக்கு அளித்த வாக்கு அது. உடலும் மனமும் நன்றாயிருந்த காலத்தில் தன்னை நினைத்த ஒருவன், பிற்காலத்தில் கட்டை போலவும் கல் போலவும் செயலற்றுக் கிடக்கும்போது, அவன் நினைக்காவிடினும் தான் அவனை நினைப்பதாகவும், தானே அவனைப் பரமகதிக்குக் கொண்டு செல்வதாகவும் எம்பெருமான் உறுதி கூறினான். பெரியாழ்வாரும், உடல் தளர்ந்து நா எழாத அந்நேரத்தில் நினைக்க முடியாது என்பதை உணர்ந்து, அந்நேரத்துக்காக இன்றே சொல்லிவைப்பதாகத் திருவரங்கத்து அரவணையானிடம் விண்ணப்பித்து வைத்தார். ஆழ்வாருக்கே அப்படி என்றால், மற்றையோர் தம் இறுதி நினைவைத் தம் வலிமையால் காத்துக்கொள்வது எங்ஙனம்?

ஆதலால் வீடுகளில் எழும் கேள்விக்கு விடை இது. அந்தத் தந்தை கடைசியில் அவனை நினைத்தாரா என்பதன்று கேட்க வேண்டியது. அவன் அவரை நினைத்தானா என்பதே கேட்க வேண்டியது. அதற்கு அவன் முன்னமே விடை சொல்லிவிட்டான். வாழ்நாள் முழுவதும் தோள் கொடுத்தவரை, துளசி தொடுத்தவரை, அடுப்படியில் வெந்தவரை, வழிப்போக்கனுக்கு நீர்மோர் வார்த்தவரை அவன் மறப்பானாகில், அவனுக்குப் பேரருளாளன் என்னும் திருநாமம் எதற்கு? மருத்துவமனைக் கதவு பிள்ளைகளைத் தடுத்தது. அந்தர்யாமியாய் உள்ளேயே இருப்பவனை எந்தக் கதவு தடுக்கும்?

தந்தையின் இறுதியைக் காணாத மகன்

தந்தைக்கு உரிய காலத்தில் ஸம்ஸ்காரம் செய்ய இயலவில்லையே என்று வருந்தும் மக்களுக்கு ஸ்ரீராமாயணம் ஓர் ஆறுதலை வைத்திருக்கிறது. சக்ரவர்த்தித் திருமகன் தன் தந்தையின் இறுதியைக் கண்டானில்லை. தசரதன் உயிர் நீத்தபோது பெருமாள் வனத்தில் இருந்தான். திருமேனி தைலத்தில் வைக்கப்பட்டு, கேகய நாட்டிலிருந்து பரதன் வந்த பிறகே ஸம்ஸ்காரம் நடந்தது. சித்ரகூடத்தில் பரதன் சொல்லித்தான் பெருமாள் தந்தையின் மறைவை அறிந்தான். அறிந்து மயங்கி விழுந்தான். பின்பு மந்தாகினியில் இறங்கி நீர்க்கடன் செய்து, அரசர்க்குரிய பொருள் ஒன்றும் இல்லாமையால், காட்டில் கிடைத்த இங்குதியையும் இலந்தையையும் கொண்டு பிண்டம் வைத்தான். அப்பிண்டம் குறைவுள்ளது என்று யாரும் சொன்னதில்லை. தொலைவில் இருந்த மகன், பிந்தி அறிந்த மகன், கிடைத்ததைக் கொண்டு செய்த மகன் என்னும் நிலைகளையெல்லாம் எம்பெருமான் தானே அனுபவித்துக் காட்டினான்.

தந்தைக்குச் செய்யக் கிடைக்காததை அவன் வேறோரிடத்தில் செய்து தீர்த்தான். காஞ்சிக்கு மேற்கே பாலுசெட்டி சத்திரத்துக்கு அருகே உள்ள திருப்புட்குழி திவ்யதேசத்தை அன்பர்கள் அறிவர். அங்கு விஜயராகவப் பெருமாள் பெரிய உடையாராகிய ஜடாயுவைத் திருமடியில் வைத்து ஸேவை ஸாதிக்கிறான். எதிரே ஜடாயு புஷ்கரிணி. ராவணனோடு பொருது சிறகு அறுந்து வீழ்ந்த அந்தப் பறவை அரசனுக்கு, மகன் தந்தைக்குச் செய்யும் ஸம்ஸ்காரத்தைப் பெருமாள் தன் கையால் செய்தான். உயர்ந்த உலகங்களுக்குச் செல்க என்று விடையும் கொடுத்தான். ஜடாயு வேதம் ஓதியதில்லை. உபாயம் ஒன்றும் அனுஷ்டித்ததில்லை. பிராட்டியின் அழுகுரல் கேட்டபோது, தன் முதுமையை எண்ணாமல் எழுந்து பறந்தார். அந்த ஒன்றே போதுமானதாயிற்று.

யார் நினைக்கப்பட வேண்டியவர்?

திருவடி சேர்ந்தோரை நினைக்கும்போது, ஊரில் பெரியவர் என்று பெயர் பெற்றோரை மட்டும் நினைத்து, மற்றையோரை விட்டுவிடும் பழக்கம் எங்கும் உண்டு. ஸம்ப்ரதாயம் இதற்கு இடங்கொடுப்பதில்லை. ஆளவந்தாருடைய சிஷ்யர்களில் மாறனேரி நம்பி என்பவர் பஞ்சம குலத்தில் பிறந்தவர். ஆசார்யனுடைய வியாதியைத் தாம் ஏற்று அனுபவித்த மஹாநுபாவர். அந்நோயில் அவருக்குப் பணிவிடை செய்து, அவர் திருநாட்டுக்கு எழுந்தருளியதும் ப்ரஹ்மமேத விதிப்படி ஸம்ஸ்காரம் செய்தவர், ஸ்வாமி ராமாநுஜரின் ஆசார்யரான பெரிய நம்பி. ஊரார் அவரைத் தூஷித்தனர், விலக்கியும் வைத்தனர். ஸ்வாமி ராமாநுஜர் இதன் திருவுள்ளக் கருத்தை அறிய வேண்டிக் கேட்டபோது, பெரிய நம்பி அமைதியாக விடையளித்தார். பறவைக்கு ஸம்ஸ்காரம் செய்த சக்ரவர்த்தித் திருமகனைவிடத் தாம் உயர்ந்தவரா? விதுரருக்கு ஸம்ஸ்காரம் செய்த தர்மபுத்திரரைவிட உயர்ந்தவரா? அடியார் எக்குலத்தாராயினும் அவரே தமக்குத் தலைவர் என்று நம்மாழ்வார் அருளிச்செய்தது வெறும் ஓசையா? இவையே அவர் கேட்ட கேள்விகள். ஸ்வாமி ராமாநுஜர் அகமகிழ்ந்தார்.

அவ்விடையைத் திருவீதிகளில் வாழ்வோர் தமக்குச் சொல்லப்பட்டதாகவே கொள்ள வேண்டும். தீவட்டி பிடித்தவரும், வீதி பெருக்கியவரும், வஸ்திரம் வெளுத்தவரும், பல்லக்குச் சுமந்தவரும் இல்லாவிடில் எந்த உத்ஸவம் நடந்திருக்கும்? பெருந்தொற்று எவரையும் குலம் கேட்டுக் கொண்டு செல்லவில்லை. எடுத்துச் சென்று எரியூட்டியவர்களும் குலம் கேட்கவில்லை. பிள்ளைகள் தொடமுடியாத திருமேனிகளைத் தொட்டுச் சுமந்த அந்த முகம் அறியாத மனிதர்கள் செய்தது, பெரிய நம்பி செய்ததற்கு எவ்வகையில் குறைந்தது? இறந்தோரை நினைக்கும் வேளையில் அவர்களையும் கைகூப்பி நினைக்க வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. கோயிலைச் சார்ந்து வாழும் ஊரில் பூசல்கள் இல்லாமல் இருப்பதில்லை. தீர்த்தம் முதலில் யாருக்கு, மரியாதை எந்த வீட்டுக்கு, முறை எவருடையது என்று பல ஆண்டுகள் பேசாதிருந்தோர் உண்டு. அவர்களில் ஒருவர் இன்று இல்லை. இருப்பவர் நெஞ்சில் பழைய கோபம் மட்டும் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க இனி இடமில்லை. இத்தகையோர் கூரத்தாழ்வானை நினைக்கக் கடவர். காஞ்சியை அடுத்த கூரத்தில் அவதரித்த அம்மஹான், சோழன் அவையில் திருக்கண்களை இழந்தவர். அந்நிலைக்குக் காரணமாயிருந்தவன் நாலூரான். பின்னர் ஆழ்வான் தேவப்பெருமாள் ஸந்நிதியில் வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பம் செய்ய, எம்பெருமான் உகந்து, வேண்டும் வரம் கேள் என்றான். ஆழ்வான் கண்ணைக் கேட்கவில்லை. தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்றே கேட்டார். கண்ணைப் பறித்தவனுக்கே நற்கதி வேண்டிய அந்த ஸந்நிதியில் நின்றுகொண்டு, மறைந்த அண்டை வீட்டாரிடம் ஒரு சிறு பகையை வைத்திருப்பது எவ்வளவு பொருந்தாத செயல்!

அதே ஆழ்வான் ஸ்வாமி ராமாநுஜருக்கு முன்னே திருநாட்டுக்கு எழுந்தருள விடை கேட்டபோது, ஸ்வாமி ஆற்றாது கலங்கினார். தாம் முன்னே சென்றாலன்றோ, ஆசார்யர் எழுந்தருளும்போது எதிர்கொண்டு அழைக்க இயலும் என்று ஆழ்வான் விண்ணப்பித்ததாகப் பெரியோர் பணிப்பர். முன்னே சென்றோர் அங்கே காத்திருக்கின்றனர். எதிர்கொண்டு அழைக்க வருவர். பிரிவால் வருந்துவோர்க்கு இதனினும் பெரிய தேறுதல் வேறில்லை.

எஞ்சியோர் செய்ய வேண்டியது

கும்பகோணத்தில் ஸ்ரீசார்ங்கபாணி எம்பெருமானுக்கு லக்ஷ்மீநாராயணஸ்வாமி என்னும் அடியார் ஒருவர் இருந்தார். கோபுரத் திருப்பணியில் ஈடுபட்ட அவருக்கு மனைவி மக்கள் இல்லை. தீபாவளி அமாவாஸ்யையில் அவர் திருவடி சேர்ந்தார். அன்று முதல் அவருக்கு எம்பெருமானே மகனாக இருந்து ஆண்டுதோறும் திதி நடத்துவதாக இன்றும் அக்கோயிலில் வழக்கம் இருந்து வருகிறது. மகன் இல்லாதவருக்கு எம்பெருமான் மகனாகிறான். அப்படியிருக்க, மகன்களும் அண்டை அயலாரும் உள்ளவர்களை எஞ்சியோர் மறந்துவிடலாமோ?

நினைத்தல் என்பது கண்ணீர் விடுதலோடு முடிவதன்று. ஸ்ரீவைஷ்ணவர்கள் பாசுரம் சேவிக்கத் தொடங்குமுன் தனியன்களைச் சொல்கின்றனர். முடிவில் வாழித் திருநாமம் சொல்கின்றனர். முன்னே சென்றவர்களின் நினைவு இல்லாமல் ஒரு பாசுரமும் தொடங்குவதில்லை, முடிவதும் இல்லை. இந்த முறையையே வாழ்க்கைக்கும் கொள்ள வேண்டும்.

துளசி தொடுத்த அம்மையாரின் வீட்டு முற்றத்தில் பாதியில் நின்ற மாலையை யாரேனும் முடித்தாக வேண்டும். அவ்வீட்டுப் பெண்ணோ அண்டை வீட்டுச் சிறுமியோ நாளொன்றுக்கு ஒரு முழம் தொடுத்தாலும் அந்தக் கைங்கர்யம் தொடரும். நீர்மோர் வைத்த திண்ணை அடுத்த கருட ஸேவைக்கு வெறுமையாக இருத்தலாகாது. கோஷ்டியின் கடைசி வரிசையில் நின்றவர் எடுத்துக்கொடுத்த சொற்களை இனி எடுத்துக்கொடுக்க இளைஞர் பாசுரம் பயில வேண்டும். திதி வரும் நாளில் ஏழைக் கைங்கர்யபரர் வீட்டில் அரிசி உள்ளதா, அவர் பிள்ளைகளின் படிப்பு நடக்கிறதா என்று வசதியுள்ளோர் விசாரிக்க வேண்டும். ததீயாராதனத்தில் அவ்வீட்டாரைப் பெயர் சொல்லி அழைத்து அமர்த்த வேண்டும். பெயர் சொல்லி அழைப்பது சிறு செயல். ஆனால் தந்தையை இழந்த பிள்ளைக்கு, தன் தந்தையின் பெயரை ஊர் மறக்கவில்லை என்பதே பெருஞ்செல்வம்.

2019-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் அத்தி வரதர் அனந்தசரஸ்ஸிலிருந்து எழுந்தருளி ஸேவை ஸாதித்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1979-இல் தந்தையின் தோளில் அமர்ந்து ஸேவித்த குழந்தைகள், 2019-இல் தம் பிள்ளைகளைத் தோளில் சுமந்து வந்தனர். அன்று தோள் கொடுத்த தந்தையரில் பலர் இன்று இல்லை. 2019-இல் முதுமையோடு வரிசையில் நின்று, "அடுத்த முறை இருக்கமாட்டேன், இப்போதே கண்டுகொள்கிறேன்" என்று சொல்லிக் கைகூப்பிய பலர், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் திருவடி சேர்ந்தனர். அவர்கள் அன்று சொன்னது, அந்நேரத்துக்காக முன்னமே சொல்லிவைத்த சொல்லன்றோ? நீருக்குள் சயனித்திருப்பவன் காணப்படாவிடினும் இருக்கிறான். திருவடி சேர்ந்தோரும் அப்படியே. அத்தி வரதர் மீண்டும் எழுந்தருளும் நாளில், இன்று தோளில் இருக்கும் குழந்தைகள் தோள் கொடுப்போராய் நிற்பர். இன்று கைங்கர்யம் கற்பித்தாலன்றி அன்று யார் சுமப்பர்?

ஆகவே இவ்வாண்டுக் கருட ஸேவைக்கு வரும் சேவார்த்திகள், கோபுர வாசலில் திருக்குடை தாழும்போது பெருமாளைக் காணவில்லையே என்று வருந்த வேண்டா. அந்த ஒரு நொடியில் கண்களை மூடிக்கொண்டு, தம்மோடு முன்பெல்லாம் அவ்விடத்தில் நின்று, இப்போது நில்லாத ஒருவரை நினைத்துக்கொள்ளட்டும். தொட்டாசார்யருக்குத் தக்கான் குளக்கரையில் ஸேவை ஸாதித்தவன், அந்த ஒருவருக்கும் அவர் இருக்குமிடத்தில் நித்ய ஸேவை ஸாதித்துக்கொண்டிருக்கிறான் என்று தெளியட்டும். பின்பு குடை உயரும். பேரருளாளன் புன்முறுவலோடு காட்சி தருவான். அப்போது கண் திறந்து, இருவருக்குமாகச் சேர்த்து ஸேவித்துக்கொள்ளட்டும்.

திருவடி சேர்ந்த அடியார்கள் அனைவரும் அவனுடைய நித்ய கைங்கர்யத்தில் மகிழ்ந்திருப்பாராக. எஞ்சியோர் அவர்கள் விட்ட இடத்தை நிரப்பி வாழ்வாராக. பெருந்தேவித் தாயார் திருவருளால் இத்திருவீதிகளில் உத்ஸவம் என்றும் குறைவின்றி ஓங்குக.

சுபம்